வாலில் தொடங்குங்கள்: கேன், மஸ்ட், ஷுட் ஆகியவற்றோடு அட், பை, அன்டில் சேரும் முறை

"அஞ்சு மணிக்குள்ள பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருக்கணும்." மதுரையில் தினமும் எத்தனையோ பேர் போனில் சொல்லும் வாக்கியம் இது. இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பட்டப்படிப்பு முடித்தவர்கூட ஒரு நொடி திணறுகிறார். ஃபைவ் தெரியும், பஸ் ஸ்டாண்ட் தெரியும், மஸ்ட் தெரியும். எதை முதலில் எடுத்து வைப்பது, நடுவில் எந்தச் சின்ன வார்த்தையைப் போடுவது என்பதில்தான் சிக்கல். 'டென்ஸ்' சரியாக வரவில்லை என்று பலர் இதை நினைத்துக்கொண்டு இலக்கணப் புத்தகத்தின் முதல் பாடத்துக்கே திரும்பிப் போகிறார்கள். டென்ஸில் ஒரு குறையும் இல்லை. வினையின் வாலில் ஒட்டிவரும் 'ணும், லாம், முடியும்' இவற்றையும், பெயரின் வாலில் ஒட்டிவரும் 'ல, க்கு, க்குள்ள, வரைக்கும்' இவற்றையும் ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அந்த வாக்கியத்தையே பிரித்துப் பாருங்கள். கடைசி வார்த்தை 'இருக்கணும்'. அதன் வால் 'ணும்'. அதற்கு ஆங்கிலத்தில் மஸ்ட். வாலுக்கு முன்னால் 'இரு'. அது பீ. அதற்கு முன்னால் 'பஸ் ஸ்டாண்டு' என்பதன் மேல் ஏறி நிற்கும் 'ல'. அது அட். அதற்கும் முன்னால் 'அஞ்சு மணி' மேல் நிற்கும் 'க்குள்ள'. அது பை. ஆளை மட்டும் தலையில் வைத்துவிட்டு, மீதியை வாலிலிருந்து தலை நோக்கிப் படியுங்கள்: "ஐ மஸ்ட் பீ அட் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பை ஃபைவ்." கண்ணாடியில் பார்த்ததுபோல் வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது. தமிழில் நேரம், இடம், வினை, வால். ஆங்கிலத்தில் வால், வினை, இடம், நேரம்.

பள்ளியில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ராகம் போட்டுப் படித்தோமே, அந்த வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதே வேலையைச் செய்யும் ஆங்கிலச் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். அதனால்தான் அதற்குப் பிரிபொசிஷன் என்று பெயர். முன்னால் வைக்கப்படுவது என்று பொருள். வினையின் வாலும் அப்படித்தான், ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் வந்து நிற்கும். அதை மோடல் என்பார்கள். இரண்டு வகை வாலும் தலைக்கு வருகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு நீளமான வாக்கியமும் பயமுறுத்தாது. "போஸ்ட் ஆபீஸுக்கு எதுத்தாப்புல இருக்கற கட்டடத்தோட மாடில சாவியைக் குடுக்கலாம்." வாலிலிருந்து வாருங்கள்: "யூ கேன் கிவ் தி கீ ஆன் தி டாப் ஃப்ளோர் ஆஃப் தி பில்டிங் ஆப்போசிட் தி போஸ்ட் ஆபீஸ்." லாம், குடு, சாவி, மாடியில், கட்டடத்தோட, எதுத்தாப்புல, போஸ்ட் ஆபீஸ். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

செய்யும் முறை இதுதான். பேசப்போகும் தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் முழுதாக ஒருமுறை சொல்லுங்கள். கடைசி வார்த்தையைப் பிடித்து வாலைத் தனியாகவும் வினையைத் தனியாகவும் பிரியுங்கள். யார் செய்கிறார் என்பதைத் தலையில் வையுங்கள். தமிழில் 'நான், நீங்க' சொல்லாமல் விட்டிருந்தாலும் ஆங்கிலத்தில் சொல்லியே ஆகவேண்டும். பிறகு மோடல், அதன் பின் வெறும் வினை. மோடலுக்கும் வினைக்கும் நடுவில் டு வராது: "மஸ்ட் கோ" சரி, "மஸ்ட் டு கோ" தவறு. "கேன் ஏபிள் டு" என்பதும் கூடாது. கேன் என்றாலே ஏபிள் டு அதற்குள் இருக்கிறது. ஹேவ் டு, நீட் டு இரண்டிலும் டு அவற்றின் சொந்தச் சொத்து என்பதால் அது இருக்கட்டும். கடைசியாக இடம், அதற்கடுத்து நேரம்.

வாலைச் சரியாகப் படிப்பதுதான் முதல் கஷ்டம். தமிழின் ஒரே 'ணும்' ஆங்கிலத்தில் நாலு வீட்டுக்குப் போகிறது. ஆசையா, கட்டாயமா, நல்லதா, ஊகமா என்று உங்களையே கேளுங்கள். "எனக்கு ஜன்னலோர சீட் வேணும்" ஆசை: "ஐ வுட் லைக் எ விண்டோ சீட்." "நான் நாளைக்கு உசிலம்பட்டி போகணும்" கட்டாயம்: "ஐ ஹேவ் டு கோ டு உசிலம்பட்டி டுமாரோ." "நீங்க ஒரு டாக்டர்ட்ட காட்டணும்" நல்லதுக்குச் சொல்வது: "யூ ஷுட் சீ எ டாக்டர்." "அண்ணன் இந்நேரம் கடைலதான் இருக்கணும்" ஊகம்: "ஹி மஸ்ட் பீ அட் தி ஷாப் பை நவ்." ஊகத்துக்கும் கட்டாயத்துக்கும் நாமும் ஒரே 'ணும்', ஆங்கிலம் பேசுபவர்களும் ஒரே மஸ்ட். இந்த ஓரிடத்தில் இரு மொழிக்கும் பேச்சு ஒத்துப்போகிறது. எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுப்பது பின்னால் வரும் பிரிபொசிஷன்தான். "யூ மஸ்ட் பீ அட் தி ஷாப் பை டென்" என்றால் கட்டளை. "ஹி மஸ்ட் பீ அட் தி ஷாப் பை நவ்" என்றால் ஊகம். பை டென் கெடு வைக்கிறது; பை நவ் கெடு வைக்க முடியாது, இப்போது வந்தாகிவிட்டதே!

'லாம்' இன்னும் வழுக்கும். "உள்ள வரலாமா?" என்பது "கேன் ஐ கம் இன்?" "கிளம்பலாமா?" என்பது "ஷல் வீ கோ?" "சாயங்காலம் மழை வரலாம்" என்பது "இட் மைட் ரெயின் இன் தி ஈவ்னிங்." இந்தக் கடைசி வாக்கியத்தில் கேன் போடுபவர்கள் அதிகம். எப்போதாவது நடக்கக்கூடிய பொது இயல்புக்குத்தான் கேன்: "இட் கேன் ரெயின் ஹெவிலி இன் அக்டோபர்", ஐப்பசி அடைமழையைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறோம். இன்றைக்கு, இந்தச் சாயங்காலத்துக்கு என்று குறிப்பிட்டுவிட்டால் மைட் அல்லது மே. நேரச் சொல் மாறியவுடன் மோடலும் மாறுவதைக் கவனியுங்கள். மோடலையும் பிரிபொசிஷனையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

'முடியும்' எளிது, அதன் இறந்தகாலம்தான் எளிதில்லை. "நேத்து டிக்கெட் எடுக்க முடிஞ்சது" என்பதற்கு "ஐ குட் கெட் எ டிக்கெட் எஸ்டர்டே" என்பார்கள். ஒரே ஒருமுறை நடந்து முடிந்த காரியத்துக்குக் குட் பொருந்தாது. "ஐ வாஸ் ஏபிள் டு கெட் எ டிக்கெட்" அல்லது "ஐ மேனேஜ்டு டு கெட்" என்று சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் "ஐ குடன்ட் கெட் எ டிக்கெட்" தாராளமாகச் சொல்லலாம். மஸ்ட்டுக்கு இறந்தகாலமே கிடையாது: "ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்க வேண்டியிருந்தது" என்றால் "ஐ ஹேட் டு ஸ்டாண்ட் அன்டில் டென்."

எதிர்மறையில் தவறினால் பொருளே தலைகீழாகும். 'கூடாது' என்றால் மஸ்ட் நாட், பேச்சில் மஸன்ட். 'வேண்டியதில்லை' என்றால் டோன்ட் ஹேவ் டு. "யூ மஸன்ட் கம் ஆன் சண்டே" என்றால் ஞாயிற்றுக்கிழமை வரவே கூடாது. "யூ டோன்ட் ஹேவ் டு கம் ஆன் சண்டே" என்றால் வரவேண்டியதில்லை, வந்தாலும் பரவாயில்லை. வேலைக்கு வருபவரிடம் இரண்டையும் மாற்றிச் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

இனி பெயரின் வால்கள். இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

'க்குள்ள' என்ற ஒரே உருபு ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது. கடிகார நேரம் அல்லது தேதி வந்தால் பை: "அஞ்சு மணிக்குள்ள", "பை ஃபைவ்". கால அளவு வந்தால் விதின்: "ஒரு மணி நேரத்துக்குள்ள", "விதின் ஆன் அவர்". இடம் வந்தால் இன்டு அல்லது இன்சைட்: "யூ கான்ட் டேக் யுவர் ஃபோன் இன்டு தி டெம்பிள்", கோயிலுக்குள்ள போன் கொண்டுபோக முடியாது. உருபைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நிற்பது என்ன வகைப் பெயர் என்று பாருங்கள்.

'அஞ்சு மணிக்கு' என்றால் அட் ஃபைவ். 'அஞ்சு மணி வாக்கில' என்றால் அரவுண்ட் ஃபைவ். 'அஞ்சு மணிக்கு மேல' என்றால் ஆஃப்டர் ஃபைவ். "ஐ வில் கம் பை ஃபைவ்" என்று சொல்லிவிட்டு அஞ்சரைக்குப் போனால், கேட்டவர் கணக்கில் நீங்கள் வாக்குத் தவறியவர். 'மணி வாக்கில' என்ற பொருளில் பையைப் பயன்படுத்தும் பழக்கம் நம்மூரில் நிறைய. அதை இன்றே விடுங்கள். கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். டுமாரோ, டுடே, திஸ் ஈவ்னிங், நெக்ஸ்ட் மண்டே, எவ்ரி டே இவற்றுக்கு முன்னால் எதுவும் வராது. 'நாளைக்கு' என்பதில் நமக்கு ஒரு 'க்கு' இருப்பதால்தான் "ஆன் டுமாரோ" என்று வாய் தவறுகிறது.

'ஒரு மணி நேரம் கழிச்சு வர்றேன்' என்பதற்கு "ஐ வில் கம் ஆஃப்டர் ஒன் அவர்" என்பது நம் நாட்டு வழக்கம். இந்தியருக்குப் புரியும், வெளிநாட்டுக்காரர் ஒரு நொடி யோசிப்பார். இப்போதிலிருந்து எண்ணும்போது இன்: "ஐ வில் பீ தேர் இன் ஆன் அவர்." இன் ஆன் அவர் என்றால் சரியாக ஒரு மணி நேரம் கழித்து, விதின் ஆன் அவர் என்றால் அதற்கு முன்பே எப்போது வேண்டுமானாலும். பார்சல் கொடுப்பவருக்கும் மெக்கானிக்குக்கும் இந்த வித்தியாசம் சோற்றுப் பிரச்சினை.

பை, அன்டில் இரண்டுக்கும் நடுவில் விழும் ஓட்டை இதைவிடப் பெரிது. வினை ஒரு தருணத்தில் நடந்து முடிவதா, நேரம் பிடித்து நீள்வதா என்று பாருங்கள். வா, அனுப்பு, கட்டு, முடி போன்றவை ஒரு தருணத்தில் முடியும், அவற்றோடு பை. இரு, காத்திரு, தங்கு, வேலை செய் போன்றவை நீளும்; அவற்றோடு அன்டில். முதலில் பார்த்த 'பஸ் ஸ்டாண்டுல இருக்கணும்' என்பதில் 'இரு' போய்ச்சேர்வதைக் குறித்தது, அதனால் அங்கே பை. "ஐ கேன் சென்ட் இட் பை ஃபிரைடே", வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியும். "ஐ கேன் ஸ்டே அன்டில் ஃபிரைடே", வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்க முடியும். பை ஃபிரைடே என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. பிஃபோர் ஃபிரைடே என்றால் வியாழனோடு சரி. ஃபீஸ் கட்டும் கெடுவில் இந்த ஒரு நாள்தான் அபராதத்தில் கொண்டுபோய் விடுகிறது.

மோடலின் வேலை இங்கே நன்றாகத் தெரியும். 'கட்டு' ஒரு தருணத்தில் முடியும் வினை. "யூ மஸ்ட் பே அன்டில் தி ஃபிஃப்டீன்த்" என்றால் பதினைந்தாம் தேதி வரை விடாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விபரீதப் பொருள் வரும். ஆனால் "யூ கேன் பே அன்டில் தி ஃபிஃப்டீன்த்" முழுக்கச் சரி. பணம் கட்டுவது நீளவில்லை. கட்டலாம் என்ற அனுமதி பதினைந்தாம் தேதி வரை நீள்கிறது. அன்டில் போய் ஒட்டிக்கொண்டது வினையோடு இல்லை, கேனோடு. "யூ கேன் புக் ஃப்ரம் தி ஃபர்ஸ்ட்" என்பதும் அப்படியே, ஒண்ணாம் தேதி முதல் அனுமதி தொடங்குகிறது. தமிழிலும் "பதினஞ்சு வரைக்கும் கட்டலாம்" என்கிறோம், "பதினஞ்சுக்குள்ள கட்டணும்" என்கிறோம். "பதினஞ்சு வரைக்கும் கட்டணும்" என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் தமிழ்க் காதுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அன்டிலோடு 'முடியாது' சேரும்போது ஒரு வளைவு உண்டு. மீனாட்சி அம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். வெளியூர்க்காரர் ஒரு மணிக்கு வந்து நிற்கிறார். "நாலு மணிக்குத்தான் உள்ள போக முடியும்" என்று அவருக்குச் சொல்ல வேண்டும். 'தான்' என்பதற்கு ஒன்லி என்று தேடி "யூ கேன் கோ ஃபோர் ஓ கிளாக் ஒன்லி" என்போம். ஆங்கிலத்தில் அதை எதிர்மறையாக்கிச் சொல்வார்கள்: "யூ கான்ட் கோ இன் அன்டில் ஃபோர்." நாலு மணி வரைக்கும் முடியாது, அதற்கப்புறம் முடியும். "தி ஷாப் வோன்ட் ஓப்பன் அன்டில் டென்", பத்து மணிக்குத்தான் கடை திறக்கும். நேரத்தின் மேல் 'தான்' விழுந்து, அதுவரை பொறு என்ற பொருள் வந்தால் நாட், அன்டில் இரண்டையும் ஜோடியாக எடுங்கள். "யூ கான்ட் கோ இன் பை ஃபோர்" என்று பையைப் போட்டுவிட்டால், நாலு மணிக்குள் போய்ச்சேர வழியில்லை என்று வேறு செய்தி ஆகிவிடும். வந்தவர் ஹோட்டலுக்கே திரும்பிப் போய்விடுவார்.

'ல' என்பதும் மூன்று: அட், இன், ஆன். இடத்தை ஒரு புள்ளியாக நினைத்தால் அட், உள்ளே அடங்கினால் இன், மேலே ஒட்டினால் ஆன். அட் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், இன் மதுரை, ஆன் டவுன் ஹால் ரோடு. வண்டிகளுக்கு ஒரு கணக்கு: எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டி என்றால் ஆன், குனிந்து ஏறி உட்கார்ந்துவிடும் வண்டி என்றால் இன். ஆன் தி பஸ், ஆன் தி டிரெயின். இன் தி ஆட்டோ, இன் தி கார். பைக்கில் மேலே உட்காருவதால் ஆன். ஏறி இறங்குவதும் இதையே பின்பற்றும்: கெட் ஆன் தி பஸ், கெட் ஆஃப் தி பஸ், கெட் இன்டு தி ஆட்டோ, கெட் அவுட் ஆஃப் தி ஆட்டோ. "காளவாசல்ல இறங்கணும்" என்றால் "யூ ஹேவ் டு கெட் ஆஃப் அட் காளவாசல்." எந்த வகை வண்டி என்று மட்டும் சொன்னால் பை, அதோடு தி, எ எதுவும் சேராது: பை பஸ், பை ஆட்டோ. "பை தி பஸ்" தவறு.

'ஆல்' உருபு எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. 'என்னால முடியும்' என்பதில் வரும் ஆலுக்கு ஆங்கிலத்தில் ஒன்றுமே இல்லை. 'என்னால' என்பது வெறும் ஐ ஆகிவிடும்: "ஐ கேன்". 'கத்தியால வெட்டலாம்' என்றால் வித்: "யூ கேன் கட் இட் வித் எ நைஃப்". 'மழையால வர முடியல' என்றால் "ஐ குடன்ட் கம் பிகாஸ் ஆஃப் தி ரெயின்". ஒருவரால் செய்யப்பட வேண்டும் என்னும்போதுதான் பை வரும்: "இட் மஸ்ட் பீ சைன்டு பை தி மேனேஜர்".

தமிழில் உருபு இருக்கும், ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் இருக்காது என்ற வினைகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி இல்லை. மதுரைக்குப் போய்ச் சேரலாம்: "யூ கேன் ரீச் மதுரை", ரீச் டு இல்லை. விலையைப் பற்றிப் பேசலாம்: "வீ கேன் டிஸ்கஸ் தி பிரைஸ்", அபவுட் இல்லை. எனக்கு போன் பண்ணலாம்: "யூ கேன் கால் மீ". அவர்ட்ட கேக்கணும்: "யூ ஷுட் ஆஸ்க் ஹிம்". வீட்டுக்குப் போகணும்: "ஐ ஹேவ் டு கோ ஹோம்". இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. நமக்கு வெறும் 'ஐ' உருபு, அவர்களுக்குப் பிரிபொசிஷன் கட்டாயம். அதைப் பாருங்க: லுக் அட் இட். சாவியைத் தேடணும்: "ஐ ஹேவ் டு லுக் ஃபார் தி கீ". நான் சொல்றதைக் கேளுங்க: லிசன் டு மீ. இவற்றை வினையோடு சேர்த்தே ஒரே வார்த்தையாகப் படியுங்கள்; லுக்ஃபார், லிசன்டு என்று நாக்குக்குப் பழகட்டும்.

கேள்வி கேட்கும்போது மட்டும் கண்ணாடி முறையில் ஒரு திருத்தம். கேள்விச்சொல் தலைக்கு ஓடிவிடும், அதற்குரிய பிரிபொசிஷன் கடைசியில் தனியாக நிற்கும். "யார்ட்ட பேசணும்?" என்பது "ஹூ ஷுட் ஐ டாக் டு?" "எந்தக் கவுண்டர்ல கட்டணும்?" என்பது "விச் கவுண்டர் ஷுட் ஐ பே அட்?" "எந்த பிளாட்பாரத்துல இருந்து கிளம்பும்?" என்பது "விச் பிளாட்ஃபார்ம் வில் இட் லீவ் ஃப்ரம்?" சுங்குடிச் சேலை வாங்குபவர் "வாட் ஷுட் ஐ வாஷ் இட் வித்?" என்று கேட்டால், எதால் துவைக்க வேண்டும் என்று கேட்கிறார். வால்போல் கடைசியில் வரும் அந்த 'வித்' என்பதை விட்டுவிட்டால் கேள்வி பாதியில் அறுந்துபோகும். "எப்பக்குள்ள கட்டணும்?" என்பதற்கும் இதே அமைப்பு: "வென் டு ஐ ஹேவ் டு பே பை?" ஆனால் வேர் வந்தால் அட் வேண்டியதில்லை, "வேர் ஷுட் ஐ கெட் ஆஃப்?" என்பதோடு நிறுத்துங்கள். 'எங்க' என்பதற்குள்ளேயே இடம் அடங்கிவிட்டது.

மரியாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் மரியாதையை 'ங்க' விகுதியில் வைத்திருக்கிறோம். 'வா' வேறு, 'வாங்க' வேறு. ஆங்கிலத்தில் யூ ஒன்றுதான். அவர்கள் மரியாதையை மோடலில் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, கொஞ்சம் கோரிப்பாளையத்துல இறக்கி விடுங்களேன்" என்பதன் பணிவு "குட் யூ டிராப் மீ அட் கோரிப்பாளையம்?" என்பதில் உள்ள குட்டில் இருக்கிறது. "டிராப் மீ அட் கோரிப்பாளையம்" என்று மோடல் இல்லாமல் சொன்னால், பின்னால் ப்ளீஸ் சேர்த்தாலும் கொஞ்சம் அதட்டலாகத்தான் விழும். "யூ மஸ்ட் சென்ட் இட் பை மண்டே" என்று மேலதிகாரிக்கு எழுதினால் அவருக்கே உத்தரவு போட்டதாகும், "குட் யூ சென்ட் இட் பை மண்டே?" என்று எழுதுங்கள். இதற்கு ஒரே விலக்கு விருந்தழைப்பு. "கண்டிப்பா ஞாயித்துக்கிழமை சாப்பிட வரணும்" என்று நாம் கையைப் பிடித்துச் சொல்வதை அவர்களும் "யூ மஸ்ட் கம் டு லஞ்ச் ஆன் சண்டே" என்றே சொல்வார்கள். அங்கே மஸ்ட் அன்பு.

வுட் என்றால் மரியாதையான வில் என்று நினைத்து "ஐ வுட் கம் டுமாரோ" என்று எழுதுபவர்கள் அதிகம். அது 'வந்திருப்பேன், ஆனால்...' என்பதுபோல் ஒரு தயக்கத்தோடு ஒலிக்கும். வருவது உறுதி என்றால் "ஐ வில் கம் டுமாரோ".

எழுதும்போது வராத ஒரு தவறு பேசும்போது வரும். கேன் என்பதை அழுத்திச் சொன்னால் கேட்பவருக்குக் கான்ட் என்று விழலாம். வாக்கியத்தின் நடுவில் அது 'கன்' என்று மெலிய வேண்டும்: "வீ கன் கோ ஆன் மண்டே". அழுத்தம் கோ மேலும் மண்டே மேலும். டு என்பது 'ட' ஆகவும், ஃபார் என்பது 'ஃப' ஆகவும், அட் என்பது விழுங்கியும் நடுவில் போகும். முடியாது என்றால் கான்ட்டை நீட்டி அழுத்துங்கள்: "வீ காஆன்ட் கோ". ஆனால் கேள்வியின் கடைசியில் நிற்கும் பிரிபொசிஷன் முழு ஒலியோடு வரும்: "ஹூ இஸ் இட் ஃபார்?" வான்ட், வோன்ட் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள், ஒன்று வேணும், மற்றது மாட்டேன். பையைச் சொல்லும்போது 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் ப-வின் ஒலி வேண்டும், முதல் ப இல்லை.

கோயிலைச் சுற்றி ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் சில வாக்கியங்களை அப்படியே வாயில் ஏற்றிக்கொள்ளலாம். "ஐ கான்ட் டிரைவ் இன்டு சித்திரை ஸ்ட்ரீட். யூ வில் ஹேவ் டு வாக் ஃப்ரம் ஹியர்." "யூ கேன் கோ இன் த்ரூ தி ஈஸ்ட் டவர்." "யூ ஹேவ் டு லீவ் யுவர் ஃபோன் அட் தி கவுண்டர்." "ஐ கேன் வெயிட் ஃபார் யூ அன்டில் சிக்ஸ்." வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கு: "ஐ கேன் ஜாயின் ஆன் தி ஃபர்ஸ்ட்." "ஐ கேன் ஜாயின் விதின் ஃபிஃப்டீன் டேஸ்." "ஐ கேன் வொர்க் இன் ஷிஃப்ட்ஸ்." இவற்றில் தேதியையும் இடத்தையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், மோடலையும் பிரிபொசிஷனையும் தொடாதீர்கள்.

பயிற்சிக்குத் தினமும் பதினைந்து நிமிடம் போதும். அன்றைக்கு நீங்கள் தமிழில் உண்மையாகவே பேசிய வாக்கியங்களில் எட்டை நோட்டில் எழுதுங்கள், பேசியபடியே, 'ணும், லாம்' எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் வினையின் வாலுக்குக் கீழ் ஒரு கோடு, பெயரின் வால்களுக்குக் கீழ் இரட்டைக் கோடு. பிறகு தமிழ் வாக்கியத்தை வலமிருந்து இடமாகப் படித்து ஆங்கிலத்தில் எழுதி, நோட்டை மூடிவிட்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் நேரம் மட்டும் வரும் வாக்கியங்கள், இரண்டாம் வாரம் இடம் மட்டும், மூன்றாம் வாரம் இரண்டும், நான்காம் வாரம் அவற்றையே கேள்வியாகவும் எதிர்மறையாகவும் மாற்றி. பழைய பக்கங்களைச் சனிக்கிழமைதோறும் திருப்பிப் பாருங்கள். ஒரே தவறு மூன்று இடத்தில் தெரிந்தால், அடுத்த வாரத்தின் எட்டு வாக்கியங்களையும் அந்த ஒரு உருபை வைத்தே எழுதுங்கள். பெரும்பாலும் அது 'க்குள்ள' ஆகத்தான் இருக்கும்.